உடைப்பதற்கென்று வைத்த ஜாடி

அந்தத் தெருவில் அவளுக்கு ரொட்டியம்மா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறொன்று உண்டு. அதைச் சொல்லி அழைக்க ஆளில்லாமல் போய் நெடுநாளாயிற்று. வலக்கை முழங்கைக்குக் கீழே சற்றே கோணி நிற்கும். நீட்டினால் நீளாது, மடக்கினால் முழுதும் மடங்காது. ஆனால் பிசைபலகையில் கிடக்கும் மாவின்மேல் இறங்கும்போது அந்தக் கோணலே அவளுக்கு வலிமை. என்ன ஆயிற்று என்று புதிதாய் வருகிறவர்கள் கேட்டால், "கடன் அடைச்ச கை" என்று சொல்லிவிட்டு அடுத்தவருக்கு ரொட்டி எடுத்துத் தரப் போய்விடுவாள்.

கணவன் தச்சன். கைவாளால் கதவும் கட்டிலும் அறுத்துக் கௌரவமாய் இருந்தவனுக்கு ஒரு நாள் மின்சார வாள்மேல் ஆசை வந்தது. பூட்டுக்கடை முதலாளி பணம் கொடுத்தார். பகலெல்லாம் பூட்டு விற்று, மற்றவர் வீட்டைத் திறக்கும் சாவியாகக் கடனையும் விற்றவர் அவர். வீட்டையும் பின்கட்டையும் எழுதி வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார். வந்த வாள் மரத்தை அறுத்துப் பழகுமுன்னே மனிதனை அறுத்தது. வலக்கையில் இரண்டு விரல்கள் மரத்தூளில் விழுந்து, சற்று நேரம் தாமாகவே அசைந்தன. அவள்தான் பொறுக்கித் துணியில் சுற்றிக்கொண்டு ஓடினாள். மருத்துவர் துணியைப் பிரித்துப் பார்த்தார். பிறகு முன்போலவே சுற்றி அவள் கையில் கொடுத்தார். வாள் பழைய இரும்புக்குப் போயிற்று. கடனை எந்த இரும்புக்கடையும் எடுத்துக்கொள்ளவில்லை.

மணமாகுமுன் ஒரு ரொட்டிக்கடையில் மாவு பிசைந்தவள் அவள். இடிந்த சுவரொன்றின் செங்கல்லைக் கேட்டு வாங்கிவந்து, மீதமிருந்த மூன்று விரலால் தச்சன் பின்கட்டில் அடுப்புக் கட்டினான். மரமறிந்த கைக்கு மண் புதிது. மூன்று முறை வளைவு சரிந்தது, நான்காம் முறை நின்றது. உள்ளே விறகெரித்து, செங்கல் தகதகவென்று பழுத்ததும் தணலையெல்லாம் வாரி வெளிக்குழியில் தள்ளி, ரொட்டியை அடுக்கி, அடுப்பின் வாயை இரும்புத் தகட்டால் மூடுவார்கள். தகட்டின் விளிம்பைச் சுற்றி மாவுத் திரியை ஒட்டி அடைத்துவிட்டால் இம்மியளவு சூடும் வெளியேறாது. அடைக்குமுன் ஒரு கணம் கண்மூடி நிற்பாள். வேண்டுதலென்று அதில் பெரிதாக ஒன்றுமில்லை. 'கருக்கிவிடாதே' என்பது மட்டுமே.

அந்த மாவுத் திரிதான் அக்குடும்பத்தின் உணவு. ஒரு பக்கம் கரியும் மறுபக்கம் கல்லுமாய் வெந்துபோன அதை உடைத்து வெந்நீரில் ஊறவைத்துத் தின்றார்கள். பழுதற்ற ரொட்டியெல்லாம் விற்பனைக்கு. மாவு மூட்டைச் சாக்கு இரு பெண்களுக்கும் பாவாடையாயிற்று. மாவாலையின் எடை முத்திரை பின்புறம் வந்து விழுந்ததால், "என்னையும் எடை போட்டு வித்துடாதீங்க" என்பாள் இளையவள். அடுப்பின் மிச்சச் சூட்டில்தான் குளிக்க வெந்நீர். வீட்டுக்கு ஒரே விளக்கு. அது ஆளோடு அறை மாறும். எதுவும் வீணாகக் கூடாது என்பது அந்த வீட்டில் மந்திரம்போல் ஓதப்பட்டது.

மந்திரத்துக்குப் பலியும் உண்டு. பன்னின்மேல் பூச வாங்கிவந்த முட்டைகளை மூத்தவள் ஒரு நாள் கைதவறிக் கீழே போட்டாள். ரொட்டியம்மாவின் கையில் அப்போது உருளைக்கட்டை இருந்தது. அடித்ததை அவள் அறியவேயில்லை. அறிந்தபோது தரையில் மண்டியிட்டு முட்டையை உள்ளங்கையால் வழித்துக் கிண்ணத்தில் சேர்த்துக்கொண்டிருந்தாள். அதில் சிவப்பாய் ஏதோ சொட்டியது. நிமிர்ந்து பார்த்தால் மகளின் புருவம் பிளந்திருந்தது. "அம்மா, ஓடு விழாம எடு" என்றாள் அந்தப் பெண், அழாமல். அன்றுமுதல் அவள் கையிலிருந்து எதுவும் விழவில்லை. கிழிந்த நூலையும் எரிந்த குச்சியையும்கூட எடுத்துவைத்தாள். யாராவது சட்டென்று கை தூக்கினால் மட்டும் தலை தானாகக் குனியும்.

தவணை வசூலிக்க முதலாளியின் ஆள் வாரந்தோறும் வருவான். இடுப்பில் செருகியிருந்த கருவியால் அவனுக்குச் சுத்தியல் என்று பெயர். குரலை உயர்த்தமாட்டான்; செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே காலெடுத்து வைப்பான். தவணை குறைந்தால் வீட்டில் ஒரு பொருளை உடைக்க வேண்டும் என்பது அவனுக்கு இட்ட கட்டளை. முதலில் நிலைக்கண்ணாடி போயிற்று. பிறகு வானொலி. பிறகு கட்டிற்கால், அது தச்சன் தன் மணத்துக்குத் தானே கடைந்தது. தவணை முழுதாய்ச் சேர்ந்த வாரம் அரிது.

ரொட்டியம்மா ஒன்றைக் கவனித்தாள். அவனுக்கு வேண்டியது பொருளன்று, ஓசை. தெருவுக்குக் கேட்டால் போதும். மறுவாரம் பீங்கான் கடையில் விரிசல் விட்ட ஜாடி ஒன்றை ஏறக்குறைய இலவசமாய் வாங்கிவந்து வாசலோரத்து மேசையில் வைத்தாள். அவன் வந்தான், பார்த்தான், புரிந்துகொண்டான். அதை உடைத்துவிட்டுப் போனான். பிறகு அதுவே வழக்கமாயிற்று.

"அம்மா, இந்த வாரம் சுத்தியல் மாமாவுக்குத் தட்டா, ஜாடியா?" என்று இளையவள் கேட்பாள்.

"என்னக்கா, இன்னைக்கு என்ன வச்சிருக்கீங்க?" என்று அவனும் கேட்பான்.

"ஜாடிதான் தம்பி. ஏற்கெனவே விரிசல், மெதுவா தட்டினா போதும்."

"மெதுவா தட்டினா முதலாளி காதுக்குப் போவாதேக்கா. பாப்பா, தள்ளி நில்லு, கண்ணுல தெறிக்கும்."

அவன் போனபிறகுதான் அவள் சிதறியதைப் பெருக்குவாள். 

இப்படி உடைந்தும் வெந்தும் கடன் கரைந்து, கடைசித் தவணை வரை வந்தது. ஆலைக் கேண்டீனிலிருந்து பெரிய விருந்தொன்றுக்கு ரொட்டி கேட்டார்கள், கொடுத்தால் அன்று மாலையே பணம், மறுநாள் கெடு. கட்டிவிட்டால் வீடு அவர்களுடையது. தவறினால், எழுதிக்கொடுத்தபடி, வீடும் பின்கட்டும் முதலாளிக்கு. அவர் அந்த அடுப்பைத் தம் மருமகனுக்கு வாக்களித்துவிட்டார் என்பது கடைத்தெருவுக்கே தெரிந்திருந்தது. அடுப்பு நன்றாய் எரிவதை அவர் வட்டி வாங்கிய கையோடு பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

விருந்துக்கான மாவுக்காகப் புளிமாவைப் பெருக்கியிருந்தார்கள். ஒவ்வொரு நாளும் பிசைந்ததில் ஒரு பிடி எடுத்துவைத்து, மறுநாள் மாவைப் பொங்கவைக்கும் பழைய மாவு அது. அடுப்புக் கட்டிய நாளிலிருந்து அறுபடாமல் வந்தது. விருந்துக்கு எடுத்தது போக மிஞ்சியது பாத்திரம் கொள்ளாமல் வழிந்தது. மூத்தவள் வீடெல்லாம் தேடினாள். வாசல் மேசையில் அந்த வாரத்து ஜாடி இருந்தது. தட்டிப் பார்த்தாள்; விளிம்பில் மயிரிழை விரிசல் தவிர ஓசை கணீரென்றுதான் இருந்தது. நாளைக்கு முழுப்பணமும் கட்டப்போகிறோம், இனி உடைக்க யாரும் வரப்போவதில்லை, நல்ல ஜாடியைச் சும்மா வைப்பானேன் என்று புளிமாவு முழுவதையும் அதில் ஊற்றி, வாசல் வெயில் படும்படி அங்கேயே விட்டுவிட்டாள். ஒரு பொட்டும் வீணாக்காத பெண்ணுக்கு வேறெப்படித் தோன்றும்?

நடுப்பகலில், ரொட்டி அடுப்பேறி வாய் அடைத்த சற்று நேரத்தில் சுத்தியல் வந்தான். கெடுவுக்கு முதல்நாள். இந்த முறை செருப்பைக் கழற்றவில்லை.

பழகிய கை முதலில் ஜாடிமேல்தான் இறங்கியது. வெள்ளையாய்ப் பொங்கிச் சரிந்த மாவு மேசையிலிருந்து வழிந்து அவன் செருப்பை மூடியது. ஓசை கேட்டுப் பின்கட்டிலிருந்து தாயும் உள்ளறையிலிருந்து மூத்தவளும் ஒரே சமயத்தில் ஓடிவந்தார்கள். மூத்தவள் மாவைப் பார்த்தாள். அப்படியே குந்தி, இரு கைகளாலும் தலையை மூடிக்கொண்டாள். சுத்தியலைப் பார்த்தல்ல. அவனுக்கு முதுகு காட்டித் தாயைப் பார்த்து மூடிக்கொண்டாள்.

ரொட்டியம்மாவின் நெஞ்சில் அன்றைய முதல் அடி அதுதான்.

"அக்கா, காசு கேக்க வரல" என்றான் அவன். "அடுப்பை உடைச்சிட்டு வரச் சொல்லிட்டாரு. மருமகனுக்குப் பின்னால வேற கட்டிக்குவாராம். தள்ளிக்குங்க."

"உள்ள ரொட்டி இருக்கு தம்பி."

"தெரியும்கா. அதனாலதான் இன்னைக்கு."

அவன் பின்கட்டுக்கு நடந்தான். தச்சன் பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிப் பிடித்தான். மூன்று விரல் பிடி. ஒரே உதறலில் சுவரில் போய் மோதி, காதோரம் இரத்தம் வழியச் சரிந்தான். முதல் அடியில் அடுப்பு வளைவின் செங்கற்கள் உதிர்ந்தன, தகடு சாய்ந்தது, காய்ச்சல்காரன் வாய்போல் அடுப்பு வெம்மூச்சு விட்டது. இரண்டாம் அடிக்கும் செங்கல்லுக்கும் இடையில் ரொட்டியம்மா தன் கையை வைத்தாள். எலும்பு முறிந்த ஓசை ஜாடி உடைந்த ஓசையைவிடச் சிறியதாக இருந்தது.

வலி வந்து சேருமுன் கோபம் வந்து சேர்ந்தது. ரொட்டி எடுக்கும் நீளத் துடுப்பு சுவரில் சாய்ந்திருந்தது. இடக்கையால் அதைப் பற்றி அவன் மார்பில் குத்தித் தள்ளினாள். மாவு ஒட்டிய செருப்பு வழுக்கிற்று. வாரிக்கொட்டிய தணற்குழியில் உள்ளங்கையும் முழங்காலும் பதிய விழுந்தான். மனிதத் தோல் வேகும் வாடை ரொட்டி வேகும் வாடையோடு கலந்து எழுந்தது. அவன் அலறினான். அவள் துடுப்பின் விளிம்பால் தோளில் அடித்தாள், முதுகில் அடித்தாள், எழ முயன்ற தலையில் அடித்தாள். உடைந்த கண்ணாடிக்கு, வானொலிக்கு, கட்டிற்காலுக்கு, மரத்தூளில் துடித்த விரலுக்கு, தான் பிளந்த புருவத்துக்கும் சேர்த்து அடித்தாள். பலகை நெடுக வெடித்தது. பிளந்து கூரான நுனியை அவன் கழுத்துக்கு நேராகப் பிடித்து ஓங்கினாள். இறங்கியிருந்தால் ஓர் உயிர் போயிருக்கும்.

"அம்மா, சூடு வீணாப் போவுது!" என்று இளையவள் கத்தினாள்.

ஓங்கிய கை நின்றது. தெய்வம் அந்த வீட்டின் பேச்சிலேயே பேசியது என்றுதான் சொல்ல வேண்டும். கொல்லாதே என்றிருந்தால் அவளுக்குக் கேட்டிருக்காது.

துடுப்பைப் போட்டுவிட்டு அடுப்புக்குத் திரும்பினாள். தச்சன் தள்ளாடி எழுந்து, உதிர்ந்த செங்கற்களை ஒவ்வொன்றாய் எடுத்து வளைவில் பொருத்தினான். பூச மாவு வேண்டும். மூட்டை காலி, கடைசிப் பிடி வரை ரொட்டியாய் உள்ளே இருந்தது. வீட்டிலிருந்த மாவெல்லாம் வாசல் தரையில் கிடந்த புளிமாவுதான். அதிலிருந்து ஒரு பிடி எடுத்துக் காக்கவும் வழியில்லை. பீங்கான் சில் படாத இடமே இல்லை. இத்தனை நாள் உயிரோடு வைத்திருந்ததை ரொட்டியம்மாவே பெண்களை வாரச் சொன்னாள். மூத்தவள்தான் முதலில் குனிந்தாள். இருவரும் அள்ளி அள்ளி வந்து செங்கல்லின் இடுக்கிலும் தகட்டின் விளிம்பிலும் அப்பினார்கள். சீறிப் பொரிந்து மாவு இறுகியது. அப்பிய இடமெல்லாம் சிறு விரல்களின் இரத்தம் கோடுகோடாய்க் காய்ந்தது.

சுத்தியல் தவழ்ந்துபோய்த் தண்ணீர்த் தொட்டியில் கையை முக்கினான். "பாப்பா, கையில சில்லு இருக்கப்போவுது, பாத்து" என்று யாரையும் பாராமல் சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்தபடி வெளியேறினான். கருவி அங்கேயே கிடந்தது.

ரொட்டி ஒரு பக்கம் சற்றே வெளுத்து வந்தது. கேண்டீன்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவள் கை தொங்குவதையும் பார்த்தார். பணத்தை எண்ணிக் கொடுத்தார். அன்று அந்த வீட்டில் மாவுத் திரியைத் தின்ன முடியவில்லை, பீங்கான் இருந்தது. வெளுத்த ரொட்டிகளில் மிஞ்சிய ஒன்றை நால்வரும் பிய்த்துத் தின்றார்கள். முழு ரொட்டி இவ்வளவு மெத்தென்று இருக்குமா என்று இளையவள் கேட்டாள்.

மறுநாள் காலை கையைச் சாக்குத் துணியால் கழுத்தோடு கட்டிக்கொண்டு, மூத்தவளுடன் கடைத்தெருவுக்குப் போனாள். பீங்கான் கடையில் நின்று, விரிசலில்லாத நல்ல ஜாடி ஒன்றை, பேரம் பேசாமல், முழு விலை கொடுத்து வாங்கினாள். கடைக்காரர் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

பூட்டுக்கடையில் கூட்டம் இருந்தது. மகளை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போய், மேசைமேல் பணத்தை வைத்தாள். பக்கத்தில் சுத்தியலை வைத்தாள். அதன் பக்கத்தில் ஜாடியை வைத்தாள்.

"எண்ணிக்குங்கய்யா. இது உங்க ஆள் மறந்துட்டுப் போனது. இது இந்த வாரத்து ஜாடி. இனி ஆள் அனுப்ப வேணாம், நீங்களே உங்க கையால உடைச்சிடுங்க."

முதலாளி சிரிக்கப் பார்த்தார். "என்னம்மா, விளையாடுறியா?"

"வழக்கம்தானேங்கய்யா. தெருவுக்குக் கேக்கணும், பலமா அடிங்க."

பூட்டு வாங்க வந்தவர்கள் எல்லோரும் அவரையும் அவள் கையையும் மாறிமாறிப் பார்த்தார்கள். எவனோ பின்னாலிருந்து, "அடிங்க முதலாளி, நாங்களும் கேக்குறோம்" என்றான். அவர் சுத்தியலைத் தொடவில்லை. பணத்தை எண்ணாமலே இழுப்பறையில் தள்ளி, பத்திரத்தை எடுத்து நீட்டினார். அதை அவள் மடித்து இடுப்பில் செருகினாள். பிறகு ஜாடியையும் எடுத்துக்கொண்டாள். முழு விலை கொடுத்து வாங்கியதை அவரிடம் விட்டுவர அவளுக்கு மனம் வருமா?

வெளியே மூத்தவள் விரல்களில் கட்டோடு நின்றாள். தாய் ஜாடியை நீட்டியதும் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"புது மாவு ஆரம்பிக்கணும். நீ எடுத்துட்டு வா."

"வேணாம்மா, விழுந்துடும். நீயே வச்சுக்க."

"பிடிடி" என்றாள் ரொட்டியம்மா. "விழுந்தாலும் பரவால்ல."

அந்தப் பெண் தாயின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு கைகளை முன்னால் கொண்டுவந்தாள்.