திரைக்கு இந்தப் பக்கம்

எங்கள் சபையில் கிறிஸ்துமஸ்தோறும் ஒரு நகைச்சுவை நாடகம் போடுவோம். கதை எதுவானாலும் ஒரு காட்சி கட்டாயம் உண்டு. முறுக்கிக்கொண்டு திரியும் ஒருவர் திரைக்குப் பின்னால் ஒளிந்திருப்பார். அவர் காதில் விழட்டும் என்றே இரண்டு பேர் முன்னால் நின்று உரக்கப் பேசுவார்கள். ஒளிந்தவர் அத்தனையையும் நம்பி மனம் மாறிவிடுவார். பின்னாளில் பத்திரிகைகளுக்கு நான் எழுதிய காதல் கதைகள் எல்லாம் அந்தக் காட்சி போட்ட குட்டிகள்தான். நம் ஆட்கள் பிரியத்தை முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள். அந்தத் தந்திரம் இன்றும் செல்லுபடியாவது அதனால்தான்.

போன வருடம் அது என் வீட்டுக்கே வந்தது. என் மகள் மயிலாடி ஊர்ப் பையன் ஒருவனைத்தான் கட்டுவேன் என்றாள். சாமி சிலை செதுக்கும் குடும்பம். நாங்களோ தலைமுறை தலைமுறையாகச் சபைக்காரர்கள். முடியாது என்றேன். அவளோடு பேச்சையும் நிறுத்தினேன். வீட்டில் யாராவது தட்டு எடுத்து வைக்கிற சத்தம்கூட எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஒரு சாயங்காலம் படுக்கையறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். வாசல் திரைக்கு அந்தப் பக்கம் கணவரின் குரல், வழக்கத்துக்கு மாறாக உரக்கக் கேட்டது.

“அம்மைக்கு உன் மேல உயிரு மக்கா. நீ அவன விட்டுரு.”

“விட்டுட்டேன்ப்பா. அம்மைய விட எனக்கு ஆரு பெருசு?” இது மகள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. என் சரக்கை என்னிடமே விற்கிறார்கள். இரண்டு பேரையும் நாலு வாங்கு வாங்கிவிடுவது என்று எழுந்தேன். கை திரையைப் பிடித்திருந்தபோது மகளின் குரல் தாழ்ந்தது. மேடையில் அந்த இடத்தில் யாரும் குரலைத் தாழ்த்தமாட்டார்கள். மூச்சை அடக்கிக்கொண்டு காதைக் கொடுத்தேன்.

“போதும்ப்பா, இனி நடிக்க முடியல. அவன விட்டுட்டு இருக்க எனக்கு ஒக்காது. அம்மை எங்கிட்ட கடைசி வரைக்கும் பேசாமலே இருந்துருவாளோன்னு பயமா இருக்கு.”

என் காதில் விழட்டும் என்று அவள் சொல்லாத ஒரே வரி அது. அதைத்தான் நம்பினேன்.

நாடகத்தில் ஒளிந்தவர் வெளியே வந்ததும் எதுவும் கேட்காததுபோல் நடிக்கவேண்டும். நானும் அப்படித்தான் வந்தேன். இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தார்கள்.

“சாயா போட்டியா?” என்று மகளிடம் கேட்டேன்.

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

“போடு. அந்த மயிலாடிக்காரன் வந்தா சாயா குடிப்பானா, காப்பியா?”