ஒயரம்மாவும் வெளியேறாத லிஸ்னரும்

அந்த அலுவலகத்தில் அவளை எல்லோரும் ஒயரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் அதை உயரம்மா என்று காதில் வாங்கிக்கொண்டு, ஐந்தடிகூட இல்லாத அவளைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கத் திண்டாடுவார்கள்.

அவள் வேலை ஒயரைப் பிடுங்குவது. கோப்புகளைச் சேமித்து வைக்கும் சர்வர் பெட்டிகளை அந்த நிறுவனம் தயாரித்தது. ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியிலிருந்து நெட்வொர்க் ஒயரை உருவி, பத்து எண்ணி, மறுபடி செருக வேண்டும். பெட்டி தாக்குப்பிடித்ததா என்று நோட்டில் குறிக்க வேண்டும். ஒரு நாளைக்கு இருநூறு முறை. பதினோரு வருடத்தில் வலது கட்டைவிரல் நகம் தட்டையாகிவிட்டது.

"இதுக்கு ஒரு மெஷின் வாங்கிப் போட்டா என்னவாம்?" என்பார் கணவர்.

"மெஷின் ஒரே மாதிரி பிடுங்கும். ஜனங்க அப்படியா பிடுங்குறாங்க?"

புது மாடலைச் சோதித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், ஒயரை உருவியதும் பெட்டி செத்தது. திரையில் எழுத்துகள் உறைந்து நின்றன. இரண்டு நாள் கழித்து மறுபடியும். பெட்டியின் அடிப்படை மென்பொருளான கர்னலை எழுதிய புரோகிராமர் எட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள இருக்கிற சர்க்யூட் போர்டு கோளாறா இருக்கும்க்கா" என்றான். போர்டை மாற்றினார்கள். அதற்குள் அந்த மாடல் விற்பனைக்கும் போய்விட்டது.

ஒரு மாதம் கழித்து, அதே சோதனையில் பெட்டி சாகவில்லை. ஒயரைச் செருகியதும் ஒன்றுமே நடக்காததுபோல ஓடியது. வழக்கம்போல அவள் சோதனைக் கோப்புகளைத் திறந்து சரிபார்த்தாள். ஒன்றில் பெயர் சரி, தேதி சரி, அளவும் சரி. நடுவில் மட்டும் வேறொரு கோப்பின் வரிகள் இருந்தன. நோட்டை எடுத்துக்கொண்டு நேராகப் புரோகிராமரிடம் போனாள்.

அவன் தான் எழுதியதைத் திரையில் திறந்து வரிவரியாகப் படித்தான். பிறகு மெல்லச் சொன்னான்: "போர்டு இல்லக்கா. நான் எழுதின புரோகிராம்தான்."

"புரியற மாதிரி சொல்லு தம்பி."

"வெளியிலேர்ந்து யாராவது கூப்பிடுறாங்களான்னு உள்ள லிஸ்னர்னு ஒரு சின்ன புரோகிராம் காத்துக்கிட்டே இருக்கும். ஒயர் போனா அதை எடுத்துடணும். நான் மெமரியில அது உக்கார்ந்திருந்த இடத்தைக் காலி பண்ணி வேற வேலைக்குக் குடுத்துட்டேன். ஆனா அது எந்திரிச்சு வெளிய போச்சான்னு பாக்கல."

"அப்போ அது இன்னும் உள்ளயே இருக்கா?"

"ஒரு கண் சிமிட்டுற நேரம் இருக்கும். அந்த நேரத்துல யாராவது கூப்பிட்டா, தன்னோட இடம்னு நெனச்சு அடுத்தவனோட இடத்துல கை வெச்சிடும். பெட்டி செத்தா பரவால்லக்கா, தெரிஞ்சிடும். சாகாம ஓடுறதுதான் பயமா இருக்கு."

"இந்த மாடல் எங்கெல்லாம் போயிருக்கு?"

"மூணு இடம். ஒண்ணு ஆஸ்பத்திரி."

அந்த ஆஸ்பத்திரியின் ஸ்கேன் பிரிவில்தான் அவள் நாத்தனார் வேலை பார்த்தாள். நடைபாதைக்குப் போய் நின்று போன் செய்தாள்.

"புதுப் பெட்டியா? நல்லாத்தான் ஓடுது அண்ணி. ஒயர்தான் லூசு. துடைக்கிற வண்டி இடிச்சு தினமும் நாலஞ்சு தடவை கழண்டுடும். நானே செருகி விட்டுடுவேன். ஏன், என்னாச்சு?"

"ஒயரைத் தொடாதே. பெட்டியை நிறுத்தச் சொல்லு. இப்பவே."

புரோகிராமர் அன்று இருக்கையை விட்டு எழவில்லை. முதலில் வாசலை மூடி, காத்திருக்கும் லிஸ்னரைத் தட்டி எழுப்பி, அது முழுதாக வெளியேறும்வரை நின்று பார்த்து, அதன் பிறகே இடத்தை விடுவிக்கும்படி வரிசையை மாற்றினான். திருத்திய பெட்டியில் அவள் மூன்று வாரம் ஒயர் பிடுங்கினாள். ஒரு கோப்பும் கெடவில்லை.

வாடிக்கையாளர்களுக்குப் போகும் அறிவிப்பில் 'சிறு திருத்தம்' என்று எழுதி, சோதித்தவள் என்ற முறையில் மேலாளர் அவள் கையெழுத்துக்கு நீட்டினார்.

"நான் போட மாட்டேன் சார். கோப்பு மாறியிருக்கலாம்னு எழுதுங்க."

"வீணா பீதியைக் கிளப்பாதீங்கம்மா."

"பீதி எனக்கு ஏற்கெனவே வந்தாச்சு சார்."

கடைசியில் அவள் சொன்னபடியே எழுதினார்கள். மற்ற இரண்டு இடங்களில் சேதமில்லை. ஆஸ்பத்திரியில் நான்கு படங்கள் கெட்டிருந்தன. மூன்றுக்கு ஸ்கேன் மெஷினிலேயே அசல் இருந்தது. நான்காவது பழையது, அசல் அழிந்துவிட்டது. ஒரு பெரியவரின் நுரையீரல் படம். பாதிக்குக் கீழே வேறு யாருடைய நுரையீரலோ இருந்தது. அதைப் பார்த்துத்தான் 'ஒன்றுமில்லை' என்று அறிக்கை கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

அவர் கொடுத்த எண் உபயோகத்தில் இல்லை. நாத்தனாரும் அவளும் முகவரி தேடிப் போனார்கள். கதவு பூட்டியிருந்தது. எதிர்வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"அவரா? இருமல் நிக்கவே இல்ல. ஆனா ஆஸ்பத்திரியில ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்கன்னு சந்தோஷமா இருந்தாரு. போன மாசமே மக வீட்டுக்குக் கிளம்பிட்டாரு."

"மக எந்த ஊரு?"

"அது தெரியலையேம்மா."

ஒயரம்மா நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, உடனே கூப்பிடும்படி எழுதி, தன் எண்ணையும் போட்டுக் கதவிடுக்கில் செருகினாள். எதிர்வீட்டிலும் ஒன்று கொடுத்தாள். ஐந்து மாதமாகிறது. இதுவரை யாரும் கூப்பிடவில்லை.