என் வயிற்றிலிருந்து ஸ்டெல்லாவுக்கு

அடையாறில் ஒரு மீன் கடை, தேனாம்பேட்டையில் இன்னொன்று, இரண்டு ஃபைபர் படகு, பெசன்ட் நகர் குப்பத்தில் மாடி வீடு. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். அப்பா விட்டுப்போனது ஒரு கிழிந்த வலை. மற்றதெல்லாம் நான் கட்டியது. ஆனாலும் இவை எதுவும் பெரிதில்லை. பெரிதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் யாராவது கழிவறையில் ரத்தம் பார்த்துப் பயந்திருந்தால், படியுங்கள்.

என் மகள் ஸ்டெல்லா கோபாலபுரத்தில் பள்ளி ஆசிரியை. பாடம் நடத்தும்போதே வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறாள், எங்களிடம் சொல்லவில்லை. சொன்னபோது பாதி உடம்பாகியிருந்தாள். பெருங்குடல் அழற்சி (குடலின் உட்சுவர் புண்ணாகி ரத்தம் கசியும் நோய்) என்றார்கள். மாத்திரைக்கும் ஊசிக்கும் அடங்கவில்லை. அடுத்து குடலையே எடுக்க வேண்டிவரலாம் என்றார் டாக்டரம்மா.

"அந்தக் கிருமியக் கொல்ல மருந்து இல்லியாம்மா?" என்றேன்.

"கிருமி வந்தது இல்லைங்க பிரச்சினை. நல்ல கிருமி குறைஞ்சு போச்சு."

அவர் விளக்கியது எனக்குக் கரைவலையாகத்தான் புரிந்தது. டி செல் (ரத்த வெள்ளணுக்களில் ஒரு வகை) இரண்டு பக்கமாக நிற்கிறதாம். ஒரு பக்கம் சண்டை போடும், மறுபக்கம் போதும் என்று அடக்கும். குடலில் வாழும் பாக்டீரியாக்களில் சில அந்தப் பக்கத்தைத் தூண்டும், சில இந்தப் பக்கத்தை. கரையில் நின்று இரண்டு பக்கமும் ஆட்கள் இழுக்கும் கரைவலையில் இரண்டு கயிறும் சமமாக வர, குரல் கொடுக்க ஆள் வேண்டும். இல்லையென்றால் வலை கோணிக் கிழியும். ஸ்டெல்லாவின் வயிற்றில், அடக்கும் பக்கத்துக்குக் குரல் கொடுக்க ஆளில்லை.

"ஆரோக்கியமா இருக்கறவங்க குடல்லேர்ந்து அந்த நல்ல கிருமிய எடுத்துக் குடுத்துப் பார்க்கலாம். இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு. எல்லாருக்கும் கேட்காது," என்றார் டாக்டரம்மா.

நான் சட்டைக் கையைச் சுருட்டி நீட்டினேன். "எவ்ளோ வேணும்னாலும் எடுத்துக்கம்மா."

என் மனைவி மேரி கையைத் தட்டிவிட்டாள். "யோவ், ரத்தம் இல்லய்யா. காலைல கக்கூஸ்ல உட்டுட்டு வர்றியே, அத கேக்கறாங்க."

அழுதுகொண்டிருந்த ஸ்டெல்லா சிரித்துவிட்டாள். அவள் சிரித்து வெகுநாளாகியிருந்தது.

கொடுக்க முன்வந்த மருமகனை வேண்டாமென்று தள்ளிவிட்டார்கள். சளிக்கு ஆன்டிபயாடிக் (கிருமிக்கொல்லி, நல்லதையும் சேர்த்துக் கொல்லும்) சாப்பிட்டிருந்தாராம். எனக்கு அறுபது ஆகவில்லை. ரத்தம், மலம் எல்லாச் சோதனையிலும் தேறினேன். என் வாழ்க்கையில் நான் பாஸான ஒரே பரீட்சை.

நான் டப்பாவில் கொடுத்ததை வடிகட்டி, குழாய் வழியாக அவள் குடலுக்குள் விட்டார்கள். முதல் தடவை ஒன்றும் ஆகவில்லை.

"உட்டுடு நைனா. குடல எடுத்துடட்டும்," என்றாள் ஸ்டெல்லா.

"ஒருவாட்டி மீன் மாட்டலன்னா படக வித்துடுவியா, கண்ணு?"

மறுபடி கொடுத்தேன். அப்புறமும் கொடுத்தேன். ரத்தம் மெல்லக் குறைந்து நின்றது. குடல் தப்பியது. மாத்திரை தொடர்கிறது, திரும்ப வரலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அதனால் நாங்கள் வருடக் கணக்குப் பேசுவதில்லை. காலையில் போன் செய்து "பசிக்குது நைனா" என்பாள். அன்றைக்கு அது போதும். என் கை தானாக என் வயிற்றைத் தடவும். அவள் வயிற்றில் என் ஆட்கள் குரல் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மாதா கோவிலில் நன்றிப் பூசை வைத்தாள். மைக்கில், மருத்துவர்களுக்கும் தகப்பனாரின் ஜெபத்துக்கும் நன்றி என்றாள்.

"இன்னா ஜெபம்? நான் எப்ப ஜெபம் பண்ணேன்?"

"பின்ன அத மைக்ல சொல்லவா நைனா?"

சொல்ல வேண்டும். அடுத்த பூசையில், கொடுத்தது யார், கொடுத்தது என்ன என்று, கடைசி பெஞ்சு வரை கேட்கும்படி சொல்ல வேண்டும்.