சித்தி கேட்ட தண்ணீர்

நொச்சி இலையும் வேப்பிலையும் ஒன்றாகக் கொதிக்கும்போது எழுகிற கசப்பும் காரமுமான வாசனை, அந்தத் தை மாதம் முழுக்க அவிநாசிக்குப் பக்கத்திலிருந்த எங்கள் வீட்டை நிறைத்திருந்தது. சித்தி முதல் பிரசவத்துக்கு எங்களிடம் வந்திருந்தாள். தாய் வீட்டுக்குப் போகாமல் அக்கா வீட்டுக்கு ஏன் வந்தாள் என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. சித்தியைப் பெற்ற சில நாளிலேயே காய்ச்சல் முற்றி "ஜன்னி" கண்டு அவர்களுடைய அம்மா இறந்துபோனதும், அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த என் அம்மா படிப்பை விட்டுவிட்டு அந்தக் குழந்தையை இடுப்பில் சுமந்து வளர்த்ததும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனக்கு அப்போது எட்டோ ஒன்பதோ வயது.

ஆஸ்பத்திரியிலிருந்து பெண் குழந்தையோடு வந்த சித்திக்குக் கூடத்தை ஒட்டிய சின்ன அறையைக் காற்றுப் புகாமல் சாத்திக் கொடுத்தார்கள். காலையில் அம்மா அந்த இலைகள் போட்டுக் காய்ச்சிய வெந்நீரைச் சித்தியின் இடுப்பிலும் அடிவயிற்றிலும் வீசி வீசி ஊற்றுவாள். பிறகு பழைய நூல் சேலையால் வயிற்றை இறுக்கிக் கட்டி, ஈரத் தலைக்குச் சாம்பிராணிப் புகை காட்டி, சுக்கும் திப்பிலியும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டிய மருந்தில் ஓர் உருண்டையை வாயில் போடுவாள். சாப்பாடு "பத்தியம்"தான், பூண்டுக் குழம்பு, பால் சுறாப் புட்டு, குழைந்த சோறு. இதற்கெல்லாம் சித்தி மறுத்துப் பேசியதில்லை, இடுப்பு வலிக்கு அந்த வெந்நீர் சுகமாக இருக்கிறது என்றே சொல்வாள். அவளால் தாங்க முடியாதது தாகம் மட்டும்தான்.

"பச்ச ஒடம்புக்குத் தண்ணி ஆவாது, சீதளம் ஏறிப்போகும்" என்பது பெரியவர்கள் வாக்கு. சோற்றுக்குப் பின் அரை டம்ளர் வெந்நீர், அதோடு சரி. நன்றாகத் தண்ணீர் குடிக்கச் சொல்லி நர்ஸ் அனுப்பியிருந்தும் அம்மா அசையவில்லை. சித்திக்கு உதடு வெடித்தது, சிறுநீர் கழிக்கும்போது எரிந்தது, பால் வற்றிக் குழந்தை ஓயாமல் அழுதது. பவுடர் பால் வாங்கி வரட்டுமா என்று அப்பா கேட்ட அன்றைக்கு, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் சித்தி சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்கு வந்து, குடத்துக்குள் சொம்பை விட்டாள். அம்மா பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேண்டாங் கண்ணு, சொன்னாக் கேளு."

"நாக்கு ஒட்டிக்குதுங்க்கா. புள்ளைக்குப் பாலு வேண்டாமா?"

"அம்மாவும் இப்படித்தாங் கேட்டாங்க. யாரும் குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. பாவம்னு நாந்தான் மோந்து குடுத்துப்போட்டேன். மறுநாளே ஜன்னி வந்துருச்சு."

அப்படியொன்று நடந்ததாக அதுவரை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சித்தி சொம்பை அம்மாவின் கையில் வைத்தாள்.

"தண்ணி குடிச்சா ஆராச்சும் சாவாங்களாக்கா? இத்தன வருஷம் இதையா நெனச்சுட்டு இருந்தீங்க? நீங்களே குடுங்க. எனக்கு ஒண்ணும் ஆவாது, பாத்துக்குங்க."

அம்மா குடத்துத் தண்ணீரைக் கொடுக்கவில்லை. சீரகம் போட்டுக் கொதிக்கவைத்து, ஆற்றி நீட்டினாள். சித்தி வாயை எடுக்காமல் குடித்துவிட்டு இன்னொரு சொம்பு கேட்டாள். அன்று பொழுது சாயும்வரை அம்மா அந்த அறையைவிட்டு நகராமல் சித்தியின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். காய்ச்சல் வரவில்லை. அடுத்தடுத்த நாள்களிலும் வரவில்லை. எரிச்சல் தணிந்து பால் ஊறியது.

அந்தக் காலத்து ஜன்னி, பிரசவத்தின்போது உள்ளே போன கிருமியால் வந்திருக்கும் என்று பல வருடம் கழித்து ஒரு டாக்டரம்மா விளக்கியபோது, அம்மா நிதானமாகக் கேட்டுக்கொண்டு, "எந் தங்கச்சி தண்ணி குடிச்ச அன்னிக்கே தெரிஞ்சுபோச்சுங்க" என்றாள்.

அன்று பாலுக்கு அழுத குழந்தை சுதாவுக்குச் சென்ற மாதம் கோயம்புத்தூரில் மகன் பிறந்தான். பிரசவ லேகியம் இப்போது பாட்டிலில் வருகிறது. தாயையும் பிள்ளையையும் குளிப்பாட்ட ஒரு பெண் காலையில் வந்து போகிறார். முழங்கால் ஆபரேஷனுக்குப் பின் படுத்திருக்கும் சித்தியால் வர முடியவில்லை, என் அம்மாவும் இப்போது இல்லை. நான் போய் மணி அடித்தபோது, தோளில் பிள்ளையும் கலைந்த தலையுமாகச் சுதாவே எழுந்து வந்து கதவைத் திறந்தாள். "ஏன் கண்ணு, ஊட்டுல ஆருமில்லியா?" என்று கேட்டேன். "அவரு ஆபீஸ் போயிட்டாருங்க்கா" என்றாள். பிள்ளையை வாங்கிக்கொண்டு, போய்ப் படு என்றேன். சரி என்றவள், எனக்குக் காப்பி போட அடுப்படிக்குத்தான் போனாள்.