பழுதாகாத மோட்டார்

கடைசியாக அப்பாவும் மகளும் சேர்ந்து செய்த வேலை, சிறுபடகில் தேங்கிய தண்ணீரை இறைத்தது. பயணம் முடிந்து கப்பலை, பெரு நாட்டு அமேசான் காட்டின் நவுத்தா துறையில் கட்டியாகிவிட்டது. பயணிகள் இகித்தோஸ் நகரத்துக்கு வண்டி ஏறிப் போய்விட்டார்கள். குஸ்தோதியோ பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் குடுவையால் மொண்டு மொண்டு ஆற்றில் ஊற்றிக்கொண்டிருந்தார். பின்பக்கம் உட்கார்ந்து மகள் நேரிதா மோட்டாரைத் துடைத்தாள். அந்தப் படகை ஓட்டுபவள் அவள். மோட்டாருக்கு மெக்கானிக்கும் அவளே. முனையில் நின்று பயணிகளுக்குக் காட்டைக் காட்டும் வழிகாட்டி அவர்.

தண்ணீர் தீர்ந்த பிறகும் அவர் இறைத்தார். குடுவை பலகையைச் சுரண்டியது.

"தண்ணி இல்லப்பா. போதும்."

"தெரியுது."

குடுவையை வைத்துவிட்டு, அவள் காலடியில் கிடந்த பெட்ரோல் குழாயைத் தடவி எடுத்தார். நுனியிலிருந்து நுனிவரை விரலால் உருவிப் பார்த்தார்.

"இது நல்லாத்தானே இருக்கு?"

அவள் துணியைப் பிழிந்தாள்.

அவர் கண்ணில் புரை விழுந்து நாளாகியிருந்தது. வெளிச்சம் தெரியும், உருவம் கலங்கும். ஆபரேஷன் என்றாலே, "அவனுங்க கண்ணைக் கட்டி வீட்டுல உக்கார வச்சிடுவானுங்க. அதுக்குள்ள முனையில வேற ஒருத்தன் வந்து நின்னுடுவான்" என்பார். பயம் வீணானதல்ல. பார்வை மங்கிய இன்னொரு வழிகாட்டியைக் கம்பெனி நன்றி சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருந்தது.

குஸ்தோதியோ பிறந்தது உகயாலி ஆற்றங்கரையில். வாலிபத்தில் மரம் வெட்டினார், ஆமை பிடித்தார், முதலைத்தோல் விற்றார். காடு காப்புக்காடானதும், பிடித்ததையெல்லாம் காட்டிப் பிழைக்கக் கற்றுக்கொண்டார். "அப்போ இதுங்களை நான் தின்னேன். இப்போ இதுங்க எனக்குச் சோறு போடுது" என்று பயணிகளிடம் சொல்வார். ஒவ்வொரு பயணத்திலும் அதே இடத்தில், அதே முகத்தோடு. ஒவ்வொரு முறையும் சிரிப்பார்கள்.

புரை வந்த பிறகு மகளும் அவரும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நேரிதா கண்ணில் ஏதாவது பட்டால் ஸ்பானரால் மோட்டார் மூடியைத் தட்டுவாள். ஒரு தட்டு இடப்பக்கம், இரண்டு தட்டு வலப்பக்கம். அவர் உடனே கையை நீட்டுவார். பயணிகள் வாய்பிளப்பார்கள். கப்பல் சமையல்காரன் அர்தேமியோவுக்கு மட்டும் சந்தேகம்.

"ஏம்மா, ஊர்ல எத்தனையோ மோட்டார் ஓடுது. உன் மோட்டாரை மட்டும் ஏன் இந்த அடி அடிக்கிற?"

"அடிச்சாத்தான் ஓடும். உன்னை மாதிரி."

பயணத்தின் கடைசி நாளான அன்று காலை அந்த வழி அடைபட்டது. இகித்தோஸ் அலுவலகத்தில் வழிகாட்டிகளை அமர்த்தும் லிஸ்பெத், கடைசிச் சுற்றைப் பார்க்கவென்று வந்து ஏறினாள். காற்று வேண்டுமென்று மோட்டாருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"ஸ்பானரை எதுக்கும்மா மடியில வச்சிருக்க? கொழந்தையா அது? பெட்டில போடு."

நேரிதா பெட்டியில் போட்டாள்.

முனையில் அவர் காத்திருந்தார். தட்டு வரவில்லை. ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பின்பக்கம் நிழல் ஒன்று கூடுதலாக இருந்திருக்க வேண்டும். புரிந்துகொண்டார். பஞ்சவர்ணக்கிளிகளைச் சத்தத்தை வைத்துக் காட்டினார். கரையோரப் புதரில் சாணி நாற்றம் அடிக்கும் பறவைகளை மூக்கை வைத்துக் காட்டினார். லிஸ்பெத் தலையாட்டினாள். நேரிதாவுக்கு மூச்சு வந்தது.

அரெகிபா நகரத்திலிருந்து வந்திருந்த ரிட்டயர்டு டீச்சர்தான் ஆரம்பித்தார்.

"எல்லாம் சரி, தொன் குஸ்தோதியோ. பெலேஹோ எங்க? மரத்துல தொங்கிக்கிட்டே தூங்கற சோம்பேறி மிருகம்னு சொன்னீங்க. வந்த நாளா தேடறேன். என் வீட்டுக்காரரைவிடச் சுறுசுறுப்பா ஒளிஞ்சுக்குது."

படகே சிரித்தது. அவரும் சிரித்தார். பெலேஹோவுக்குச் சத்தமும் கிடையாது, வாசனையும் கிடையாது. அண்ணாந்து கரையைப் பார்த்தார். வெள்ளைத் தண்டுள்ள ஒரு மரம், அதன் கவட்டில் பழுப்பாக ஒரு மொத்தை.

"அதோ," என்று கையை நீட்டினார். "தாயும் குட்டியும்."

கறையான் கூடு.

அந்தக் கரையில் பிறந்த குழந்தைகூடச் சொல்லிவிடும். லிஸ்பெத் கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்க்கத் தொடங்கினாள். பயணிகள் பைனாகுலரைத் தேடினார்கள். நேரிதா குனிந்து மோட்டாரிலிருந்து பெட்ரோல் குழாயைப் பிடுங்கினாள்.

குழாயைப் பிடுங்கியதும் மோட்டார் நிற்காது. கார்புரேட்டரில் மிச்சம் இருப்பது எரிந்து தீர வேண்டும். அவள் ஆக்ஸிலரேட்டரை முழுக்கத் திருகினாள். படகு துள்ளியது. பைனாகுலர்கள் வானத்தைப் பார்த்தன. மரம் பின்னால் போயிற்று. பிறகு மோட்டார் இருமியது, இன்னொரு முறை இருமியது, நின்றது.

"என்னாச்சு?" என்றாள் லிஸ்பெத்.

"மோட்டார்ல பழுது. என் தப்புதான். நேத்தே பாத்திருக்கணும்."

"கடைசி நாள்ல, இத்தனை பேரை வச்சுக்கிட்டு? நீ படிச்ச பொண்ணுன்னுதானே உன் கையில குடுத்தோம்?"

நீரோட்டம் படகை இழுத்துக்கொண்டு போய், கிளையாறு கலக்கும் இடத்தில் விட்டது. நின்ற படகைச் சுற்றி இளஞ்சிவப்பு டால்பின்கள் வந்தன. புஸ் புஸ் என்று மூச்சுவிட்டு, முதுகைக் காட்டிவிட்டு முங்கின. டீச்சர் கைதட்டினார். "நின்னதே நல்லதாப் போச்சு. அப்புறம், அந்தப் பெலேஹோவை நானும் பாத்துட்டேன்பா. பழுப்பா இருந்துச்சு." எல்லோருமே பார்த்ததாகச் சொன்னார்கள். முனையில் அவர் மட்டும் தண்ணீர்ப் பக்கம் முகத்தை வைத்திருந்தார்.

இப்போது காலிப் படகில், குழாயைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"கறையான் கூடுதானே அது?"

"ஆமா."

"நெனச்சேன். பெலேஹோவா இருந்தா ஒருத்தராவது 'அய்யோ செல்லமே'ன்னு கத்தியிருப்பாங்க." குழாயைச் சுருட்டினார். "அப்புறம் உன் மோட்டார் இருமிச்சு. நோவுல இருமறதுக்கும் தாகத்துல இருமறதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா? இத்தனை வருசமா நான் படகுல நின்னேனா, கோயில்ல நின்னேனா?"

"விடுப்பா."

"என் மானத்தைக் காப்பாத்த மோட்டார் மேல பழி போட்டியே."

"மோட்டாருக்கு மானமெல்லாம் கிடையாது."

"மெக்கானிக்குக்கு இருக்கு."

அவள் மூடியைப் போட்டுக் கொக்கியை மாட்டினாள்.

"திங்கக்கெழமை இகித்தோஸ் போறேன்," என்றார். "லிஸ்பெத்கிட்ட நானே சொல்லிடறேன். மோட்டார் நல்லாத்தான் இருக்கு, கோளாறு என் கண்ணுலன்னு."

"சொன்னா முனை போயிடும்ப்பா."

"போகட்டும். அப்படியே ஆஸ்பத்திரியில கண்ணையும் காட்டிட்டு வரேன். வெறுங்கையோட போகக்கூடாது. லிஸ்பெத்துக்கு அகுவாஹேப் பழம்னா உசுரு. நல்ல பழமாப் பாத்து ஊறப் போடறேன்."

சனிக்கிழமை சந்தையிலிருந்து ஒரு சாக்கு அகுவாஹே தூக்கி வந்தார். வெந்நீரை விளாவித் தொட்டியில் ஊற்றி, பழங்களைக் கொட்டி, தோல் இளகட்டும் என்று வெயிலில் வைத்தார். வெள்ளைச் சட்டையை அவரே தேய்த்து ஆணியில் மாட்டினார். ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டு வலை ஊஞ்சலில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள். கண்ணைத் தவிர வேறெதைப் பற்றியும் அந்த வீட்டில் யாரும் கவலைப்பட்டிருக்கவில்லை. ஆணியில் மாட்டிய சட்டையைத்தான் அவருக்குப் போட்டுவிட்டார்கள்.

அன்று இரவும் மறுநாளும் வீடு நிறைந்திருந்தது. காப்பி, கரும்புச் சாராயம், மூலையில் சீட்டாட்டம். அர்தேமியோ வந்தவர்களுக்கெல்லாம் சமைத்துப் போட்டான். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் வந்து, "பாரு, பெலேஹோ மாதிரி படுத்திருக்கான்" என்று ஆரம்பித்தவன், முடிக்க முடியாமல் கொல்லைப்பக்கம் போனான். சீட்டாடிக்கொண்டிருந்த படகோட்டிகள் அவரைப் பற்றியே பேசினார்கள். அவன் கண்ணு மாதிரி இந்த ஆத்துல யாருக்கும் கெடையாது. எங்க நின்னாலும் கண்டுபிடிச்சிடுவான்.

லிஸ்பெத் திங்கட்கிழமை வந்தாள். நேரிதாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த மோட்டார்... சரியாயிடுச்சா?"

நேரிதா பெட்டியைப் பார்த்தாள். சட்டைக் காலரில் அவர் தேய்த்த மடிப்பு அப்படியே இருந்தது. மூலையில் யாரோ மறுபடியும் அவர் கண்ணைப் பற்றிச் சொன்னார்கள்.

"குழாய மாத்திட்டேன். இனிமே நிக்காது."

"நல்லது."

வெளியே வரும்போது லிஸ்பெத் தொட்டியைப் பார்த்துவிட்டாள். குனிந்து ஒரு பழத்தை எடுத்து நகத்தால் கீறினாள். சிவப்புச் செதில் லேசாக உரிந்து, உள்ளே மஞ்சள் தெரிந்தது.

"நல்ல பக்குவம். யாருக்கு இவ்வளவு?"

"அப்பா ஊறப் போட்டாரு. யாருக்கோ கொண்டு போகணும்னு."

"சீக்கிரம் கொண்டுபோய்க் குடுத்துடும்மா. இந்த வெயிலுக்குப் புளிச்சிடும்."

பழத்தைத் தொட்டியிலேயே போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு லிஸ்பெத் வண்டியில் ஏறினாள்.