கம்ப்யூட்டர் ரூமில் இரண்டாவது நாற்காலி

இது நடந்தது. எனக்கே நடந்தது. கதை கட்டுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. சண்டை போடுகிற பழக்கம் உண்டு, அதை மறைக்கப் போவதில்லை.

1988, ஐப்பசி மாதம். போடி மலையில், குரங்கணிக்கு மேலே ஒரு ஏலக்காய் எஸ்டேட். பேர் வேண்டாம், அந்தக் குடும்பம் இன்னும் போடியில் இருக்கிறது. மதுரையில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். காலையில் ஜீப்பில் மேலே போய், இருட்டுவதற்குள் போடிக்கு இறங்கிவிடுவேன். சாயங்காலம் காய் பறிக்கிறவர்கள் கொண்டுவரும் எடையை ஆள் வாரியாக மெஷினில் ஏற்ற வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் அந்த வேலை போனால் அடுத்த முகூர்த்தத்தில் என்னைத் தாய்மாமனுக்குக் கட்டிவைப்பது என்று அப்பா முடிவு செய்திருந்தார். மாமனுக்கு என் அப்பா வயது.

மலையில் ஈரம்தான் எல்லோருக்கும் எதிரி. அதனால் ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோரை ஒட்டிய அறையில் மெஷினை வைத்திருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பு எரியும். காயை எப்படிப் பார்த்துக்கொண்டார்களோ அப்படியே மெஷினையும் பார்த்துக்கொண்டார்கள்.

முதல் நாள் அறைக்குள் போனால், மெஷின் முன்னால் இரண்டு நாற்காலி. ஒன்று மர நாற்காலி. அதை ஒட்டி ஒரு இரும்பு மடக்கு நாற்காலி.

“இது யாருக்குண்ணே?” என்று ஆபீஸைப் பார்த்துக்கொள்கிற அமாவாசை அண்ணனிடம் கேட்டேன்.

“செல்லத்தாய் போட்டுட்டுப் போனது. அது பாட்டுக்குக் கெடக்கட்டும் ஆத்தா.”

செல்லத்தாய் எனக்கு முன்னால் அங்கே வேலை பார்த்தவள். தையில் கல்யாணமாகி ராசிங்காபுரம் போய்விட்டாள்; அதற்குப் பிறகு நான் வரும்வரை எடையை நோட்டில்தான் எழுதினார்கள். அவள் பேரைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். செல்லத்தாய் கை மின்னல் மாதிரி. செல்லத்தாய் சிரித்துக்கொண்டே வேலை செய்வாள். செல்லத்தாய் இருந்தவரை மெஷின் ஒரு நாள்கூட நின்றதில்லை. வேலை கேட்டுப் போன நாளிலிருந்து முதலாளி வாயைத் திறந்தால் இதுதான். போனவளுக்கு இன்னும் நாற்காலி வேறு போட்டு வைத்திருக்கிறார்களா? மடக்கி எடுத்துக்கொண்டு போய் ஸ்டோர் மூலையில் போட்டேன்.

அன்று சாயங்காலம் நாலு பத்துக்கு மெஷின் நின்றது.

திரை உறைந்துவிட்டது. மெமரியில் கோளாறு என்று ஒரு வரி, பக்கத்தில் ஒரு எண். ஏற்றின எடை அத்தனையும் போச்சு. பறிக்கிற பெண்கள் பனி மஞ்சில் நடுங்கிக்கொண்டு மறுபடியும் வரிசையில் நின்றார்கள். மறுநாளும் நின்றது. அதற்கு மறுநாளும்.

மதுரையிலிருந்து சர்வீஸ்காரர் கண்ணுச்சாமி வந்தார். மூடியைக் கழற்றி, வரிசையாக இருந்த கறுப்புச் சிப்புகளைக் காட்டினார்.

“பாத்தியாம்மா, ஒரு ஓரமா மேல தூக்கிட்டு நிக்குது. அடுப்பு எரிஞ்சா சூடு, அணைஞ்சா குளிரு. விரிஞ்சு சுருங்கி, குழிய விட்டு எந்திரிச்சு வந்துரும். கட்டை விரலால நல்லா அமுக்கி விடு.”

அமுக்கினேன். நின்றது.

“அப்ப ரெண்டு சிப்ப எடம் மாத்திப் போடு. கோளாறு சிப்போட போனா சிப்பு கெட்டது. அங்கனயே இருந்தா குழி கெட்டது.”

மாற்றினேன். கோளாறு இரண்டிலும் இல்லாமல் மூன்றாவது ஒன்றுக்குப் போனது. அவர் தானே ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து அடித்துப் பார்த்தார். நிற்கவே இல்லை. எழுந்து எனக்கு இடம் விட்டார். நான் உட்கார்ந்தேன். நின்றது.

“சிப்புலயும் இல்ல, குழியிலயும் இல்ல. ஒங்கூட வருது போல” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதலாளி கூப்பிட்டுச் சொன்னார். “இன்னொரு தடவ நின்னுச்சுன்னா, நான் ராசிங்காபுரம் போயி செல்லத்தாய்க் கால்ல விழுந்தாவது கூட்டிட்டு வந்துருவேன். நீ வேற சோலியப் பாரு.”

வெள்ளிக்கிழமை காலையில் கண்ணுச்சாமி எல்லாச் சிப்பையும் எடுத்துவிட்டுப் புதுசு போட்டுவிட்டுப் போனார். மத்தியானம் வரை நன்றாக ஓடியது. மூன்று மணிக்கே மஞ்சு இறங்கிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே வெறும் வெள்ளை. அமாவாசை அண்ணன் வெளியே தராசுப் பக்கம் நின்று எடையைக் கூவினார். நான் ஏற்றிக்கொண்டே வந்தேன்.

நாலு பத்து.

‘டக்’.

பெட்டிக்குள்ளிருந்துதான் சத்தம். திரை உறைந்தது.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. சுவிட்சை அணைத்தேன். திருகாணிகளைக் கழற்றி மூடியைத் தூக்கினேன். இரண்டாவது வரிசையில் ஒரு சிப்பு ஒரு ஓரமாக எழுந்து நின்றது. காலையில் போட்ட புதுசு...

அமுக்கினேன்.

அது திரும்பத் தள்ளியது.

சூட்டில் எழும்புவது இப்படி இருக்காது. அடியிலிருந்து ஒரு விரல் முட்டுவது போல இருந்தது. விரலை எடுத்தால் எழும்பிவிடும். எடுக்கவில்லை. பக்கத்துச் சிப்பு எழும்பியது. அதை இடது கையால் அமுக்கினேன்.

மூன்றாவது... மெதுவாக... ஓரம் தூக்கியது.

எனக்கு இருப்பது இரண்டு கை.

அப்போது என் தோளை ஒட்டி ஒரு கை நீண்டது.

கட்டை விரல். நகத்தில் மங்கிய மருதாணி.

அது மூன்றாவது சிப்பை அமுக்கியது.

காதோரம் ஒரு குரல்.

“தள்ளி உக்காரு.”

வெளியே ஓடினேன். தராசைத் தட்டிவிட்டு ஓடினேன். பறித்த காயெல்லாம் மண்ணில்.

அமாவாசை அண்ணன் என்னைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார். யாரும் இல்லை. திறந்த பெட்டிக்குள் சிப்பு எல்லாம் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. அவற்றின் மேல் ஒரு கொண்டை ஊசி கிடந்தது. என் தலையில் ஊசி கிடையாது, நான் பின்னல்தான்.

அண்ணன் ஊசியைப் பார்த்தார். சிந்தின காயை அள்ள வெளியே போய்விட்டார்.

பயம் தெளிந்ததும் எனக்குப் புத்தி வேறு பக்கம் போனது. கொண்டை ஊசி, மருதாணி. புதுப்பெண்தானே? செல்லத்தாய்! பின்பக்கக் கதவு வழியாக வந்து ஊசியால் சிப்பை நெம்பிவிட்டுப் போகிறாள். என் வேலையைப் பறிக்கப் பார்க்கிறாள். மலை ஏறி அவள் எப்படி தினமும் வருவாள் என்றெல்லாம் யோசிக்கவில்லை. பொறாமைக்காரிக்கு அதெல்லாம் தோன்றாது. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ராசிங்காபுரம் போனேன். நாலு கேள்வி கேட்டு, அந்த ஊசியை அவள் முகத்தில் எறிவதாக இருந்தேன்.

கதவைத் திறந்தவள் நிறைமாதக் கர்ப்பிணி. வாசற்படி இறங்கவே சுவரைப் பிடித்தாள். கையில் மருதாணி இல்லை.

“நான் எஸ்டேட்டு ஆபீஸ்ல இருந்து வர்றேன். இது உங்க ஊசிதான?” என்று நீட்டினேன். குரலில் பாதி வீராப்பு போய்விட்டது.

அவள் ஊசியை வாங்கவில்லை. உள்ளே போய் ஒரு பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து திறந்தாள். அதே மாதிரி நாலு ஊசி.

“மொத வாரம் எனக்குக் கெடச்சது. தள்ளி உக்காருன்னு சொன்னாளா?”

நான் அவளிடம் அதைச் சொல்லவே இல்லை.

“இரும்பு நாற்காலி எங்க?” என்றாள்.

“ஸ்டோர்ல.”

“கிறுக்கச்சி. அது எனக்கா போட்டேன்? காலைல போனதும் அந்த நாற்காலிய விரிச்சுப் போட்டு, எந்தலையில இருக்க பூவுல பாதியக் கிள்ளி அதுல வைப்பேன். பக்கத்துல ஒருத்தி இருந்தா அவளுக்குக் கொடுக்காம நாம மட்டும் வைப்பமா? அப்பிடி வச்ச அன்னையில இருந்து மெஷினு நிக்கல.”

“யாருக்கு?”

“வீரலட்சுமிக்கு. அந்த ரூம்புல டைப்பு அடிச்சவ. கம்ப்யூட்டரு அவளுக்குத்தான் வாங்குனாக. மதுரைக்குப் போயி மூணு மாசம் படிச்சா. மெஷினையும் அவளே கூட இருந்து வாங்கிட்டு வந்தா. குரங்கணிக்கு மேல, சாயங்காலம் நாலு நாலேகாலு இருக்கும், ஜீப்பு உருண்டுருச்சு.”

ஊசியை அந்த டப்பாவிலேயே போட்டேன்.

“யாரும் சொல்லலையே என்கிட்ட.”

“எப்பிடிச் சொல்லுவாக? ஜீப்ப ஓட்டுனது மொதலாளி. அவ பேரை எடுக்கவே விடமாட்டாரு.” வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். “பெட்டிய மடியில வச்சு ரெண்டு கையாலயும் கட்டிப் பிடிச்சுக்கிட்டுக் கெடந்தாளாம். பெட்டிக்கு ஒரு கீறல் இல்ல. உசுரு போனப்பறமும் அவ விரலப் பிரிச்சு எடுக்க முடியலையாம். அந்தப் பெட்டிதான் நீ அடிக்கிறது.”

திங்கட்கிழமை முதலாளி வருவதற்கு முன்னால் ஸ்டோருக்குப் போய் நாற்காலியைத் தூக்கி வந்தேன். விரித்துப் போட்டேன். என் தலையிலிருந்து பாதிப் பூவைக் கிள்ளி வைத்தேன். என் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு நான் அங்கே இருந்த ஆறு வருஷமும் அந்த மெஷின் ஒரு நாள்கூட நிற்கவில்லை. மாமனுக்கு வேறு பெண் பார்த்துவிட்டார்கள். “செல்லத்தாயவிட இந்தப் புள்ள தேவல” என்று முதலாளியே சொன்னார்.

ஆனால் மஞ்சு இறங்குகிற சில சாயங்காலங்களில், கை வலிக்கிறது என்று நான் விரலை எடுத்துவிட்ட பிறகும், எடை ஏறிக்கொண்டே இருக்கும். விசைகளின் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்கும். பயத்தைவிட அப்போதெல்லாம் எனக்கு வயிற்றெரிச்சல்தான் அதிகம். அவள் என்னைவிட வேகமாக அடித்தாள்.