குழியைக் கழுவிய ஆயுத பூஜை

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில்தான் தேனிக்கு மருமகளாகப் போனேன். புகுந்த வீட்டில் நெல் அவிக்கும் தொழில். வீட்டுக்குப் பின்னால் தொட்டிகளில் நெல்லை ஊறப்போட்டு, அவித்து, காயவைத்து, அரைத்து விற்பார்கள். நெல் ஊறிய தண்ணீரின் வாடை தெரியாதவர்களுக்கு அதைச் சொல்லி விளங்கவைக்க முடியாது. புளித்த கஞ்சியில் எலி செத்துக் கிடந்தால் எப்படி இருக்குமோ, அப்படி. அந்தத் தண்ணீர் முழுக்க அடுப்படிச் சுவருக்கு அந்தப்பக்கம் ஒரு குழியில் போய் விழும். அந்த வீட்டில் யாருக்கும் அது நாறவில்லை. நான் ஒருத்திதான் வடுகபட்டியிலிருந்து மூக்கோடு வந்தவள்.

பிள்ளை உண்டானதும் நிலைமை மோசமானது. வாயில் வைத்த சோறு வயிற்றில் தங்கவில்லை. கண்ணெல்லாம் குழி விழுந்துவிட்டது. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன்.

"இந்த வீட்டுல ஒண்ணு குழி இருக்கணும், இல்ல நான் இருக்கணும். எதுன்னு நீங்களே சொல்லுங்க."

அவர் அதிகம் பேசாத மனிதர். மறுநாள் குழியருகே போய்க் குந்திக்கொண்டார். அதற்குக் கொஞ்ச நாள் முன்பு நெல் அவிக்க வரும் அவியல்காரப் பெண் ஒருத்தி அடுப்புத் தணலை அதில் கொட்ட, தண்ணீர்மேல் குப்பென்று தீ ஓடியிருந்தது. கொள்ளிவாய்ப் பிசாசு என்று எல்லோரும் அலறி ஓடினார்கள். இவர் மட்டும் ஓடவில்லை.

"பிசாசும் இல்ல, ஒண்ணும் இல்ல. வாயு. மூடிப் புடிச்சா அடுப்பும் எரியும், வாடையும் நிக்கும்" என்றார்.

குழியின் வாயில் கல்பலகை பரப்பி, இடுக்கில் சுண்ணாம்பு பூசி, நடுவில் விட்ட திறப்பில் ஒரு தார் டிரம்மைக் கவிழ்த்துத் தண்ணீரில் மிதக்கவிட்டார். சாணியைக் கரைத்து ஊற்றினார். ரொம்பப் புளிக்கிறது என்று சுண்ணாம்புத் தண்ணீரும் ஊற்றினார். டிரம்மிலிருந்து அடுப்படிக்கு ஒரு இரும்புக் குழாய்.

"சாக்கடையில காப்பி போடப் போறானாம் எம் மகன்" என்று மாமியார் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார். அவர் மகா சுத்தக்காரர். குழித் தண்ணீர் ஒரு சொட்டு சேலையில் பட்டாலும் தலைமுழுகிவிடுவார்.

ஒரு மாதத்துக்கு மேல் டிரம் அசையவே இல்லை. பிறகு ஒரு காலையில் மெல்ல மேலே எழும்பி நின்றது. அடுப்பில் நீலமாகத் தீ எரிந்தது. குழியைத் தாண்டி வெளியே போன தண்ணீரிலும் அந்த நாற்றம் இல்லை. நான் சோறு தின்றேன். இரண்டாம் தடவையும் போட்டுத் தின்றேன். மாமியார் அந்த அடுப்புக் காப்பியைத் தொடமாட்டார். ஆனால் வந்தவர்களை எல்லாம் இழுத்துப் போய்த் தீயைக் காட்டுவார்.

அப்போதுதான் ஆயுத பூஜை வந்தது. வீட்டுக்காரர் நெல் பிடிக்கத் தேவதானப்பட்டிக்குப் போயிருந்தார். அரவை மிஷின், தராசு, சாக்கு ஊசி வரைக்கும் எல்லாம் குளித்தன. தொழில் செய்கிற குழி மட்டும் அழுக்காக இருக்கலாமா? மாமியார் தள்ளி நின்று ஏவ, அவியல் பெண்கள் கல்லைப் பெயர்த்து, மேலிருந்தே வாளி விட்டு அடியில் கிடந்த கறுப்புச் சேற்றை ஒட்ட இறைத்தார்கள். தென்னந்தும்பால் சுவரைத் தேய்த்து வெள்ளையும் அடித்தார்கள். டிரம்முக்குச் சந்தனம், குங்குமம். ஊர் திரும்பிய மகனைப் பெருமையோடு கூட்டிப் போய்க் காட்டினார் மாமியார்.

வீட்டுக்காரர் கல்லை நகர்த்தி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஆத்தா, பாலுக்கு உறைமோர் மாதிரி அந்தச் சேறுதான எல்லாம். அதைப் போயி இறைச்சுப்புட்டீகளே."

அவர் சொன்னபடியே ஆயிற்று. புதிதாக விழுந்த தண்ணீர் வெறுமனே புளித்தது. டிரம் படுத்துவிட்டது. நாற்றம் முன்பைவிடக் கூடியது, எனக்கு வாந்தியும் கூடியது. அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினேன். துணிகளை மூட்டை கட்டினேன். "போயிட்டு வா" என்றார் வீட்டுக்காரர். அந்தப் பேச்சு எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. திரும்பி வருவதாக நான் யாரிடமும் சொல்லவில்லை.

விடிந்ததும் அண்ணன் வண்டி வந்து நின்றது. மாமியாரைக் காணோம். வழியனுப்பக்கூட மனசில்லையா என்று பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியில் காலை வைத்தேன். அப்போது கொல்லைப்பக்கமிருந்து அவர் வந்தார், தலையில் கூடையோடு. வாழைத்தூரில் கொட்டியிருந்த சேற்றைத் தன் கையாலேயே வழித்து எடுத்திருக்கிறார். நரைத்த தலையிலிருந்து கறுப்புத் தண்ணீர் நெற்றியில் இறங்கி மூக்கு நுனியில் சொட்டியது.

"ஏலே, கல்லைத் தொற. பாதிதான் கெடச்சுச்சு. அது போதுமாலே?" என்று மகனைக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"கொஞ்சம் பொறுத்துப் போயேன்த்தா. நீயும் போயிட்டா நான் யாரோட சண்டை போடுவேன்?"

மாட்டை அவிழ்க்கச் சொல்லிவிட்டு இறங்கினேன். வெந்நீர் விளாவி, சீயக்காய் எடுத்துப் போய் அவர் தலையில் கை வைத்தேன். "தள்ளிப் போத்தா, ஒனக்குக் குமட்டும்" என்று என் கையைத் தட்டிவிட்டார். குமட்டத்தான் செய்தது. மூச்சை அடக்கிக்கொண்டு தேய்த்தேன்.